பெயருக்கு முன்னால் 'அப்போஸ்தலர்': அந்தப் பட்டத்தை யார் கொடுக்கிறது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)



ராஜபாளையத்துல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். பஸ்ல ஜன்னல் ஓரமா உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கிட்டே போனீங்கன்னா, ஜவுளிக்கடை, நீட் கோச்சிங், பால்கோவா, கட்சி போஸ்டர் எல்லாத்துக்கும் நடுவுல 'உபவாசக் கூட்டம்', 'எழுப்புதல் கூட்டம்'னு ஒரு போஸ்டர் கண்ணுல படும். பேச்சாளரோட பேருக்கு முன்னாடி 'பாஸ்டர்'னு இருக்கும். சிலருக்கு 'தீர்க்கதரிசி'. கொஞ்ச வருஷமா இன்னொண்ணும் சேர்ந்திருக்கு: 'அப்போஸ்தலர்'. இந்த ஊருக்கு மட்டும் உள்ள விஷயம் இல்லை, தமிழ்நாடு முழுக்க இப்படித்தான்.

ராஜபாளையத்துக்காரங்க, இப்ப சென்னையில வேலை பார்க்கிற ஒரு நேயர் நமக்கு எழுதியிருந்தாங்க. வீட்ல தாத்தா காலத்துல இருந்து சி.எஸ்.ஐ. அப்பா, அம்மா இப்ப ஒரு புது ஜெபக்கூட்டத்துக்குப் போறாங்க. அங்க இருக்கிற தலைவரை எல்லாரும் அப்போஸ்தலர்னு கூப்பிடறாங்க. இவங்களுக்குப் பார்த்திருக்கிற வரனை அவர் 'வேண்டாம்'னு சொல்லிட்டாராம். ஏன்னு கேட்டதுக்கு, "அபிஷேகம் பண்ணப்பட்டவரைக் கேள்வி கேட்கக்கூடாது"ன்னு பதில். அவங்க கேட்டது ரெண்டே ரெண்டு: பைபிள்ல இதுக்கு இடம் இருக்கா? ஒருத்தருக்கு இந்த அதிகாரம் எங்க இருந்து வருது?

நல்ல கேள்வி. இதே கேள்வி இந்தப் பகுதியில கிட்டத்தட்ட இருநூறு வருஷமா சுத்திக்கிட்டிருக்கு. அந்தக் கதைக்குப் போறதுக்கு முன்னாடி, அந்த வார்த்தையைக் கொஞ்சம் பார்த்துடலாம்.

அனுப்பப்பட்டவர்

'அப்போஸ்தலர்' தமிழ் வார்த்தை இல்லைன்னு பார்த்தாலே தெரியும். கிரேக்கத்துல 'அப்போஸ்தொலோஸ்'. அர்த்தம் ரொம்பச் சாதாரணம்: அனுப்பப்பட்டவர். ஒருத்தர் சார்பா ஒரு வேலையா போறவர். கத்தோலிக்கர்கள் இதைத் 'திருத்தூதர்'னு தமிழாக்கிட்டாங்க. சீர்திருத்த சபைகள் கிரேக்க வார்த்தையையே வெச்சுக்கிட்டாங்க. புரியாத வார்த்தைக்கு எப்பவுமே கொஞ்சம் கம்பீரம் கூடிடும். 'தூதர்'னு போஸ்டர்ல போட்டா இந்த எடுப்பு வராதுன்னு நினைக்கிறேன்.

இதுல சுவாரசியமான ஒரு விஷயம். சீர்திருத்த சபைகள்ல பரவலா இருக்கிற பழைய தமிழ் பைபிளை எடுத்துக்கோங்க. பிலிப்பியர் 2:25-ல எப்பாப்பிரோதீத்துன்னு ஒருத்தர் வர்றார். சிறையில இருந்த பவுலுக்குப் பிலிப்பி சபை கொடுத்தனுப்பின உதவியைக் கொண்டுபோனவர். கிரேக்க மூலத்துல அவருக்கும் அதே 'அப்போஸ்தொலோஸ்' வார்த்தைதான். ஆனா தமிழ்ல 'ஸ்தானாபதி'ன்னு வரும். 2 கொரிந்தியர் 8:23-லயும் அப்படித்தான். மொழிபெயர்த்தவங்க ரெண்டு வகையா பிரிச்சுட்டாங்க: பெரிய அனுப்புதலுக்கு அப்போஸ்தலர், சின்ன அனுப்புதலுக்கு ஸ்தானாபதி. கிரேக்கத்துல படிச்ச முதல் நூற்றாண்டு ஆளுக்கு ரெண்டும் ஒரே வார்த்தை.

ஆக, புதிய ஏற்பாட்டுல இந்த வார்த்தைக்குக் குறைஞ்சது மூணு வட்டம் இருக்கு. முதல்ல பன்னிரண்டு பேர், இயேசு நேரடியா கூப்பிட்டவங்க. அடுத்து பவுல், பன்னிரண்டுல இல்லை, ஆனா உயிர்த்தெழுந்தவரை நானும் பார்த்தேன்னு அடிச்சுச் சொல்றவர். மூணாவது கொஞ்சம் தளர்வான வட்டம். அப்போஸ்தலர் 14:14-ல பர்னபா, ரோமர் 16:7-ல அன்றோனீக்கு, யூனியா. யூனியா பெண் பெயர். அவங்க அப்போஸ்தலர்கள்ல ஒருத்தரா, இல்லை அப்போஸ்தலர்களுக்கு நல்லா தெரிஞ்சவங்களான்னு அறிஞர்கள் இன்னும் சண்டை போடறாங்க. ஆரம்பகாலப் பிரசங்கியார் கிறிசோஸ்தம் அவங்களை அப்போஸ்தலராவே எடுத்துக்கிட்டு, பெண்ணுன்னு சொல்லியே பாராட்டியிருக்கார்.

யூதாஸ் போன பிறகு ஒரு இடம் காலியாச்சு இல்லையா? அப்போஸ்தலர் முதல் அதிகாரத்துல அதை நிரப்பறாங்க. தகுதி என்ன தெரியுமா? யோவான் ஞானஸ்நானம் கொடுத்த காலத்துல இருந்து கூடவே இருந்திருக்கணும், உயிர்த்தெழுதலுக்குச் சாட்சியா இருக்கணும். ரெண்டு பேரை நிறுத்தி, சீட்டுப் போட்டு, மத்தியாவை எடுக்கறாங்க. ஆனா 12-ஆம் அதிகாரத்துல ஏரோது ராஜா யாக்கோபைக் கொல்றப்போ, அந்த இடத்துக்கு யாரையும் போட்டதா எழுதலை. 'அப்போஸ்தலர் காலம் முடிஞ்சுது'ன்னு சொல்ற சபைகளுக்கு இது பெரிய ஆதாரம். எபேசியர் 2:20-ல அப்போஸ்தலர்களை அஸ்திபாரம்னு சொல்லியிருக்கு; அஸ்திபாரத்தை மாடிக்கு மாடி போடறதில்லையேன்னு கேட்பாங்க.

இன்னொரு தரப்பு ரெண்டு அதிகாரம் தள்ளி, எபேசியர் 4:11-ஐ எடுக்கும். அப்போஸ்தலர், தீர்க்கதரிசி, சுவிசேஷகர், மேய்ப்பர், போதகர். நம்ம ஊர் பெந்தெகொஸ்தே பேச்சுல 'ஐந்து வித ஊழியம்'னு கேட்டிருப்பீங்க. சபை முழு வளர்ச்சி அடையற வரைக்கும் இது இருக்கும்னு அந்தப் பகுதி சொல்லுது, சபை இன்னும் முழுசா வளரலையே, அப்புறம் எப்படி அப்போஸ்தலர் மட்டும் நின்னுபோவாங்கன்னு அவங்க வாதம். இதுவும் தள்ளிவிடக்கூடிய வாதம் இல்லை. ஒரே நிருபத்துல ரெண்டு தரப்புக்கும் வசனம் இருக்கு.

பேதுருவை எதிர்த்து நின்ன பவுல்

சரி, அப்போஸ்தலர் இன்னிக்கும் உண்டுன்னே வெச்சுக்குவோம். அவங்களைக் கேள்வி கேட்கக்கூடாதா?

கலாத்தியர் 2-ஆம் அதிகாரம். அந்தியோகியாவுல பேதுரு யூதரல்லாதவங்களோட உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டிருந்தார். எருசலேம்ல இருந்து ஆளுங்க வந்ததும் மெல்ல ஒதுங்கிட்டார். பந்தியில யார் கூட யார் உட்காரலாம்ன்ற பிரச்சினை. நமக்குப் புதுசு இல்லை. பவுல் எல்லார் முன்னாடியும், முகத்துக்கு நேரா, தப்புன்னு சொல்றார். பன்னிரண்டு பேர்ல முதல் ஆளுக்கே இந்த நிலைமை.

வெளிப்படுத்தல் 2:2 இன்னும் நேரடி. எபேசு சபைக்குப் பாராட்டு கிடைக்குது. எதுக்கு? தங்களை அப்போஸ்தலர்னு சொல்லிக்கிட்டு வந்தவங்களைச் சோதிச்சு, பொய்யர்னு கண்டுபிடிச்சதுக்கு. அதாவது சோதிக்கிறது குற்றம் இல்லை, சபையோட கடமை.

முதல் அல்லது இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த 'டிடாக்கே'ன்னு ஒரு சின்ன கையேடு இருக்கு, பைபிள்ல சேர்க்கப்படாதது. ஊர் ஊரா சுத்தி வர்ற அப்போஸ்தலர்களை எப்படி நடத்தணும்னு அதுல விதி இருக்கு. வந்தா மரியாதையா வரவேற்கணும். ஒரு நாள் தங்கலாம், தேவைப்பட்டா ரெண்டாவது நாளும். மூணாவது நாளும் தங்கினா அவர் போலி. கிளம்பும்போது வழிக்கு ரொட்டி கொடுக்கலாம். காசு கேட்டா போலி. இதை அப்படியே இன்னிக்கு அமல்படுத்தினா எத்தனை கூட்டம் மிஞ்சும்னு யோசிச்சுப் பார்த்துக்கோங்க.

அந்த 'அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே' விஷயத்துக்கு வருவோம். அது சங்கீதம் 105-ல வருது. அங்க பேச்சு ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபைப் பத்தி. நாடோடிகளா அலைஞ்ச சின்னக் குடும்பத்தை ராஜாக்கள் ஒடுக்கக்கூடாதுன்னு சொல்ற இடம். வலுத்தவன் கையில இருந்து எளியவனைக் காப்பாத்தற வசனத்தை, எளியவன் வாயை மூட வலுத்தவன் எடுத்துக்கிட்டா என்ன பண்றது? அடுத்து தாவீது கதையைச் சொல்வாங்க: சவுல் ராஜா கையில கிடைச்சும் தாவீது அவரைத் தொடலை. உண்மை, கொல்லலை. ஆனா குகையை விட்டு வெளியே வந்து, நீங்க எனக்குப் பண்றது அநியாயம்னு சவுல்கிட்டயே சத்தமா சொன்னார். 1 சாமுவேல் 24, படிச்சுப் பாருங்க. பின்னாடி தாவீதே ராஜாவா இருந்து தப்பு பண்ணினப்போ, நாத்தான் வந்து நேருக்கு நேர் கேட்டார்.

அந்த நேயருக்கு என் பதில் இதுதான். உங்க வரன் நல்லவரா இல்லையான்னு எனக்குத் தெரியாது. ஆனா காரணம் சொல்லாம 'வேண்டாம்'னு முடிவு பண்ற அதிகாரம், கேள்வி கேட்டா பாவம்ன்ற பாதுகாப்போட, புதிய ஏற்பாட்டுல எந்த அப்போஸ்தலருக்கும் கொடுக்கப்படலை. கல்யாணத்தைப் பத்தி 1 கொரிந்தியர் 7-ல பவுல் பேசறப்போகூட, இது கர்த்தரோட கட்டளை, இது என் அபிப்பிராயம்னு தனித்தனியா பிரிச்சுச் சொல்றார். அபிப்பிராயத்தை அபிப்பிராயம்னே சொல்ற அந்த நேர்மையை அவர்கிட்ட இருந்து எடுத்துக்கலாம்.

கண்காணியும் மூப்பரும்

அப்போஸ்தலர்கள் ஊர் ஊரா போனாங்க. உள்ளூர்ல சபையை யார் பார்த்துக்கிட்டாங்க? மூப்பர்கள், கண்காணிகள். கிரேக்கத்துல 'எப்பிஸ்கோப்போஸ்', இங்கிலீஷ்ல பிஷப். பழைய தமிழ் பைபிள்ல அது 'கண்காணி'. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக் கங்காணி ஞாபகம் வந்தா உங்க தப்பில்லை, மேற்பார்வைன்னு அதே அர்த்தம்தான். அப்போஸ்தலர் 20-லயும் தீத்து முதல் அதிகாரத்துலயும் மூப்பர், கண்காணி ரெண்டு பேரும் ஒரே ஆள் மாதிரிதான் தெரியறாங்க. ஆனா கி.பி. 110 வாக்குல அந்தியோகியா இக்னேஷியஸ் எழுதின கடிதங்கள்ல, பல மூப்பர்களுக்கு மேல ஒரே ஒரு பிஷப் வந்துட்டார். 180 வாக்குல ஐரேனியஸ், ரோம் சபையோட பிஷப்புகளை வரிசையா பட்டியல் போடறார்: இவருக்குப் பிறகு இவர்னு, அப்போஸ்தலர்கள்ல இருந்து. இதைத்தான் அப்போஸ்தலத் தொடர்ச்சின்னு சொல்றாங்க.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரங்களுக்கு இதைப் புரியவைக்கிறது ஈஸி. வைணவத்துல குருபரம்பரை இருக்கே, ஆசாரியர் கையில இருந்து அடுத்த ஆசாரியர்னு, அந்த மாதிரி ஒரு சங்கிலி. பிஷப் தலையில கை வைக்கிறார், அவர் தலையில முன்னாடி இருந்த பிஷப் கை வெச்சிருந்தார். கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் சபைகளுக்கு இது உயிர். ஆங்கிலிக்கன் சபைக்குள்ள இதைப் பத்தி ஒரு கருத்து கிடையாது, ஆனா பிஷப் இல்லாம யாரும் குருவானவர் ஆக முடியாது.

இங்கதான் நம்ம ஊர்க் கதை ஆரம்பிக்குது.

1835: பாளையங்கோட்டையில ஒரு பிளவு

இப்ப ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் விருதுநகர் மாவட்டம். 1910-ல ராமநாதபுரம் மாவட்டம் உருவாகிற வரைக்கும் இது திருநெல்வேலிச் சீமை. அதனால இங்க சீர்திருத்தக் கிறிஸ்தவத்தோட வேர் பாளையங்கோட்டைப் பக்கம்தான் போகும்.

அங்க 1820-ல வந்து சேர்ந்தவர் ரேனியஸ். பிரஷ்யா நாட்டுக்காரர், லுத்தரன் பின்னணி. ஆனா அவரை வேலைக்கு வெச்சது சி.எம்.எஸ்., இங்கிலாந்து ஆங்கிலிக்கன் மிஷன். அந்தக் காலத்துல போதுமான இங்கிலீஷ் ஆளுங்க கிடைக்காம ஜெர்மன்காரங்களை அனுப்பிக்கிட்டிருந்தாங்க. யாரும் ஆரம்பத்துல அதைப் பெரிசா எடுத்துக்கலை. ரேனியஸ் தமிழை நல்லா படிச்சு இலக்கண நூலே எழுதினவர். கிராமம் கிராமமா சபைகள் பெருகுது. ஒவ்வொரு ஊர்லயும் ஒரு உபதேசியார். ஆனா உபதேசியார் ஞானஸ்நானம் கொடுக்க முடியாது, திருவிருந்து நடத்த முடியாது. அதுக்குக் குருப்பட்டம் வேணும்.

ரேனியஸ், எங்ககிட்ட படிச்ச உபதேசியார்களுக்கு நாங்களே கை வைக்கிறோம், மூப்பர்கள் மூப்பரை ஏற்படுத்தறதுதான் புதிய ஏற்பாட்டு வழின்னார். சி.எம்.எஸ். முடியாதுன்னுச்சு. ஆங்கிலிக்கன் பிஷப்தான் கொடுக்கணும், ஆங்கிலிக்கன் முறைப்படிதான் கொடுக்கணும். 1835-ல மெட்ராஸுக்குன்னே தனி பிஷப்பும் வந்தாச்சு. ரேனியஸ் சும்மா இருக்கலை, ஆங்கிலிக்கன் சபை முறையை விமர்சிச்சு எழுதி அச்சிலும் போட்டார். அதே 1835-ல மிஷன் அவரை நீக்கிடுச்சு.

அவர் ஊரைவிட்டுப் போறார். கொஞ்ச மாசத்துலயே உபதேசியார்களும் மக்களும் கூப்பிட்டுத் திரும்ப வர்றார். சபைகள் ரெண்டாப் பிரியுது. ஒரே ஊர்ல, ஒரே குடும்பத்துல, மிஷன் பக்கம், ரேனியஸ் பக்கம். 1838-ல அவர் இறந்த பிறகுதான் அவரோட இருந்தவங்க மெல்ல சி.எம்.எஸ். கூடச் சமாதானம் ஆனாங்க.

இந்தச் சண்டையைப் பத்திப் பேசறப்போ வெள்ளைக்காரங்க ரெண்டு பேர் பிஷப்பைப் பத்திச் சண்டை போட்டாங்கன்னு முடிச்சுடறாங்க. எனக்கு அப்படித் தோணலை. ஒரு தமிழ் உபதேசியார் தன் ஊர்ச் சனங்களுக்கு ரொட்டியும் ரசமும் கொடுக்கலாமா, இல்லை எங்கேயோ இருக்கிற ஒருத்தர் கைக்குக் காத்திருக்கணுமான்றதுதான் விஷயம்.

அதே 1835-ல லண்டன்ல என்ன நடந்துச்சுன்னா, இர்விங்ன்ற பிரசங்கியாரைச் சுத்தி உருவான ஒரு கூட்டம், தீர்க்கதரிசனம் வழியா பன்னிரண்டு புது அப்போஸ்தலர்களை நியமிச்சுக்கிட்டாங்க. கத்தோலிக்க அப்போஸ்தல சபைன்னு பேரு. அப்போஸ்தலர் இருந்தாத்தான் குருப்பட்டம்னு விதி. அவங்க இருக்கும்போதே இயேசு வந்துடுவார்னு நம்பினாங்க. 1901-ல கடைசி அப்போஸ்தலரும் இறந்துட்டார். அதோட புதுசா யாருக்கும் பட்டம் கொடுக்க ஆள் இல்லை. சபை தன் சொந்த விதியாலயே மெல்ல மெல்ல அணைஞ்சுபோச்சு.

அருளப்பன்

ரேனியஸோட மாணவர்கள்ல ஒருத்தர் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன். 1810-ல பிறந்தவர். படிப்பு முடிஞ்ச சமயத்துல ஆந்தனி நாரிஸ் குரோவ்ஸ்ன்றவரைச் சந்திக்கிறார். குரோவ்ஸ் இங்கிலாந்துல பல் மருத்துவரா இருந்தவர், எல்லாத்தையும் விட்டுட்டு பாக்தாத் போய், அங்கிருந்து இந்தியா வந்தவர். அவரோட கொள்கை ரொம்ப நேரடி: விசுவாசிகள் கூடி அப்பம் பிட்கிறதுக்குப் பட்டம் பெற்ற குரு தேவையில்லை, ஊழியத்துக்குச் சம்பளமும் தேவையில்லை. ரேனியஸ் பிஷப் வேண்டாம்னார். குரோவ்ஸ் குருப்பட்டமே வேண்டாம்னார்.

அருளப்பன் மிஷன் சம்பளத்தை வேண்டாம்னுட்டார். 1840-ல மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துல, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே வத்திராயிருப்புப் பக்கம், கிறிஸ்டியான்பேட்டைன்னு ஒரு ஊரையே உண்டாக்கினார். அங்க பட்டம் வாங்காத தமிழர்கள் திருவிருந்து நடத்தினாங்க.

இருபது வருஷம் கழிச்சு, 1860 மே மாசம், அங்க ஒரு எழுப்புதல். அமெரிக்காவுலயும் அயர்லாந்துலயும் அதுக்குக் கொஞ்சம் முன்னாடி நடந்த எழுப்புதல்களோட செய்தி இங்க வரைக்கும் வந்திருந்துச்சு. சனங்க அழுதாங்க, மாரில அடிச்சுக்கிட்டாங்க, விழுந்தாங்க, தரிசனம் பார்த்தோம்னாங்க. பெண்கள் தீர்க்கதரிசனம் சொன்னாங்க. ஜூன் மாசம் அந்நிய பாஷையும், அதுக்கு அர்த்தம் சொல்றதும் நடந்ததா அருளப்பன் தன் குறிப்புகள்ல எழுதியிருக்கார். பெந்தெகொஸ்தே இயக்கத்தோட பிறப்பிடம்னு உலகம் சொல்ற லாஸ் ஏஞ்சல்ஸ் அசுசா தெரு எழுப்புதல் 1906. வத்திராயிருப்புப் பக்கம் அதுக்கு 46 வருஷம் முன்னாடி.

எழுப்புதல் சுத்துப்பட்ட சி.எம்.எஸ். கிராமங்களுக்கும் பரவுச்சு. மிஷனரிகள் சிலருக்குப் பயம்: இது உணர்ச்சிவசப்பட்ட கூத்து, ஒழுங்கு போயிடும். ஆனா ஆஷ்டன் டிப்ன்ற சி.எம்.எஸ். மிஷனரி வேற ஒண்ணைக் கவனிச்சார். சாதாரண விசுவாசிகள், சம்பளம் இல்லாம, கையில காசு இல்லாம, தாங்களா ஊர் ஊரா கிளம்பிப் பிரசங்கம் பண்றாங்க. இந்திய மிஷன்ல இது புதுக் காலம்னு எழுதினார். அப்போஸ்தொலோஸ்ன்ற வார்த்தையோட பழைய அர்த்தத்தை எடுத்துக்கிட்டா, அனுப்பப்பட்டவங்க இவங்கதான். அவங்கள்ல பெரும்பாலானவங்க பேருகூட நமக்குக் கிடைக்கலை.

ஆனா கதையை இதோட நிறுத்தினா பாதிதான் சொன்னதா ஆகும். 1867-ல அருளப்பன் இறந்துட்டார். எழுப்புதல் அலை 1873 வாக்குல மலைக்கு அந்தப் பக்கம், திருவிதாங்கூர்ல எழும்புச்சு. அங்க ஜஸ்டஸ் ஜோசப்னு ஒரு சி.எம்.எஸ். குருவானவர். பிராமணக் குடும்பத்துல பிறந்தவர், பெரிய படிப்பாளி, பாடலாசிரியர். 1875-ல அவரோட கூட்டத்துல ஒரு தீர்க்கதரிசனம்: இன்னும் ஆறு வருஷத்துல, 1881-ல இயேசு வர்றார். மிஷன் கண்டிச்சுது. அவங்க பிரிஞ்சு தனிச் சபை ஆனாங்க. குடும்பம் குடும்பமா எல்லாத்தையும் விட்டுட்டுக் காத்திருந்தாங்க. 1881 வந்துச்சு, போச்சு. வெளியில இருந்து வந்த கண்டிப்பை அவங்க கேட்கலை. உள்ள நின்னு 'இது சரியா'ன்னு சோதிக்கவும் வழி இல்லாமப் போச்சு. 1 கொரிந்தியர் 14-ல பவுல் போட்ட விதி என்னமோ எளிமைதான்: தீர்க்கதரிசி பேசட்டும், மத்தவங்க நிதானிக்கட்டும்.

1947-ல ஒரு சமரசம்

பிஷப் சங்கிலி வேணுமா வேண்டாமான்ற கேள்வி அப்புறம் எப்படி முடிஞ்சுது? கொஞ்சம் வேகமா சொல்லிடறேன். 1919 மே மாசம் தரங்கம்பாடியில வேதநாயகம் அசரியா உள்பட தென்னிந்திய ஊழியர்கள் கூடி, ஒரே சபையா ஆகணும்னு அறிக்கை விட்டாங்க. அசரியா திருநெல்வேலிச் சீமைக்காரர், 1912-ல முதல் இந்திய ஆங்கிலிக்கன் பிஷப் ஆனவர். பிஷப் பதவி இருக்கட்டும், ஆனா அதுக்கு இதுதான் இறையியல் அர்த்தம்னு யாரும் யார் மேலயும் திணிக்க வேண்டாம்னு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. பேச்சுவார்த்தை 28 வருஷம் ஓடுச்சு. 1947 செப்டம்பர் 27, சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல்ல தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ. பிறந்துச்சு. மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் போதகர்களுக்குத் திரும்பப் பட்டம் கொடுக்கலை, இருக்கிறபடியே ஏத்துக்கிட்டாங்க. இனிமே வர்றவங்களுக்குப் பிஷப் கை வைப்பார்னு முடிவு. அன்னிக்கே மதுரை-ராமநாதபுரத்துக்குப் பிஷப் ஆனவர் லெஸ்லி நியூபிகின், அதுவரைக்கும் பிரஸ்பிட்டேரியன் மிஷனரி. ரேனியஸ் கேட்டதுல பாதி, 112 வருஷம் கழிச்சு கிடைச்சது. இங்கிலாந்துல இருந்த தீவிர ஆங்கிலிக்கன்களுக்கு இது பிடிக்கவே இல்லை.

சங்கிலி இருக்கிறதால மட்டும் எல்லாம் சரியாயிடுச்சான்னா, இல்லை. பேராயர் தேர்தல், சினட் தேர்தல், சொத்து நிர்வாகம்னு சி.எஸ்.ஐ. வழக்குகள் உயர் நீதிமன்றம் வரைக்கும் போறதை நீங்களே செய்தியில பார்க்கறீங்க. கத்தோலிக்க சபையும் உலகம் முழுக்கத் தன் பங்குக்கு விசாரணைகளைச் சந்திச்சுக்கிட்டிருக்கு. இருந்தாலும் ஒரு வித்தியாசம் இருக்கு, அதை மறைக்கக்கூடாது. கத்தோலிக்க ஆயர் 75 வயசுல ராஜினாமா கடிதம் கொடுக்கணும். சி.எஸ்.ஐ. பேராயருக்கும் ஓய்வு வயசு உண்டு. ஐயரை இடம் மாத்துவாங்க. வழக்குப் போட ஒரு அமைப்பு விதி இருக்கு, அதை மீறினாங்கன்னு காட்ட முடியும்.

இன்னிக்குப் போஸ்டர்ல பார்க்கிற 'அப்போஸ்தலர்' பட்டத்தோட பெரும்பகுதி 1990-கள்ல அமெரிக்காவுல வலுப்பெற்ற ஒரு போக்கோட சேர்ந்தது. பீட்டர் வாக்னர்ன்ற பேராசிரியர் அதுக்குப் 'புதிய அப்போஸ்தலச் சீர்திருத்தம்'னு பேர் வெச்சார். கமிட்டி, சினட், தேர்தல் எல்லாம் பழசு. கடவுள் தனி மனிதர்கிட்ட அதிகாரத்தை ஒப்படைக்கிறார்ன்றது அதோட சாரம். எல்லாப் பெந்தெகொஸ்தே சபைகளும் இதை ஏத்துக்கலை. அசெம்பிளீஸ் ஆஃப் காட் மாதிரி பெரிய அமைப்பு, அப்போஸ்தலர்னு தனிப் பதவி தேவையில்லைன்னு எழுத்துலயே சொல்லியிருக்கு. அதனால பெந்தெகொஸ்தேன்னாலே இப்படித்தான்னு சொல்றவங்களோட நான் சேரமாட்டேன்.

உங்களை யார் அனுப்பினாங்கன்னு கேட்டா எல்லாருமே பதில் வெச்சிருக்காங்க. ஒருத்தர் பிஷப்பைக் காட்டுவார், இன்னொருத்தர் தரிசனத்தைச் சொல்வார். உங்க மேல ஒரு புகார் வந்தா யார்கிட்ட போகணும்னு கேட்டுப் பாருங்க. அங்கதான் பலர் தடுமாறுவாங்க.

நடைமுறைக்கு ஒண்ணு. நீங்க போற கூட்டம் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழே சங்கமா பதிவாகியிருந்தா, வருஷா வருஷம் பொதுக்குழு கூட்டணும், கணக்கைப் பதிவாளர்கிட்ட தாக்கல் பண்ணணும். அறக்கட்டளையா இருந்தா, பத்திரத்துல அறங்காவலர்கள் யார்னு இருக்கும். அஞ்சு பேர்ல நாலு பேர் ஒரே வீட்டுக்காரங்களா இருந்தா, உங்களுக்கு ஒரு விஷயம் தெரிஞ்சுபோகும். இதைக் கேட்கிறது விசுவாசக் குறைவு இல்லை. எபேசு சபைக்காரங்க பண்ணினதும் கிட்டத்தட்ட இதேதான்.

அடுத்த எபிசோட்ல வேதநாயகம் அசரியாவைப் பத்திப் பேசலாம்னு இருக்கோம். 1910-ல எடின்பரோவுல, வெள்ளைக்கார மிஷனரிகள் நிறைஞ்ச சபையில எழுந்து நின்னு, எங்களுக்கு உங்க தியாகம் எல்லாம் கிடைச்சுது, நட்பு கிடைக்கலையேன்னு கேட்ட மனுஷன் அவர். உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட ரேனியஸ், அருளப்பன் பத்தி ஏதாவது கதை இருந்தா வாய்ஸ் நோட்டா அனுப்புங்க.